பூனாவுக்கு வராத பை

இன்று காலை செம்பூர் மார்க்கெட்டுக்குக் கீரை வாங்கக் கிளம்பினேன். மேம்பாலத்துக்கு அடியில் புதிதாக ஒரு பஞ்சர் கடை வந்திருக்கிறது. கடை என்று பெயர்தான். காற்றடிக்கும் மெஷின் ஒன்று, தண்ணீர் நிரப்பிய பழைய தொட்டி ஒன்று, உட்கார ஒரு ஸ்டூல். அந்த ஆள் ஒரு டியூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனைத் தடவி, வாயால் ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தான். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கால் நகரவில்லை. வெகு நேரம் நின்றிருக்கிறேன் போலிருக்கிறது. "க்யா ஹுவா, சாச்சா?" என்று கேட்டான். என்ன ஆயிற்று என்பதை அவனிடம் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிட்டு, கீரையும் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பி, இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. உன் பிள்ளை போன் செய்தபோது நான் பெங்களூரில் பெண் வீட்டில், கண் ஆபரேஷன் ஆகிக் கட்டோடு படுத்திருந்தேன். வர முடியவில்லை. வர முடியாமல் போனதில் ஒரு நிம்மதியும் இருந்தது என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். இனி உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? திரும்பி வந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. அதற்கப்புறமும் சுனாபட்டியில் உன் வீட்டுப் பக்கம் தலைகாட்டாமல், முழங்கால் வலி, வெயில், மழை என்று ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். அந்தச் சாக்கைக் கேட்பதற்கும் வீட்டில் ஆள் இல்லை. என் மனைவி போய் ஆறு வருடமாகிறது. காலையில் பால்காரனிடம் ஒரு வார்த்தை, சாயங்காலம் வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை. சில நாட்களில் அந்த இரண்டோடு என் பேச்சு முடிந்துவிடுகிறது.

உன்னை முதன்முதலில் பார்த்தது சயான் சர்க்கிள் அருகே. என் சைக்கிள் பெடலைப் பிடித்திருக்கும் காட்டர் பின் தேய்ந்து, மிதிக்க மிதிக்க டக் டக்கென்று ஆடிக்கொண்டிருந்தது. தாராவியில் லேத் பட்டறை வேலை முடிந்து நீ எதிரே வந்தாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயாகவே குனிந்து பார்த்தாய்.

"இத வச்சுக்கிட்டா ரோட்டுக்கு வந்தீரு? ஒரு நாளு நட்டநடு ரோட்ல உக்கார வச்சிரும் வே" என்றாய்.

இருபத்து நாலு வயதில் என்னை யாரும் 'நீர்' என்று கூப்பிட்டதில்லை. கிண்டல் செய்கிறாயா, மரியாதை தருகிறாயா என்று எனக்குப் புரியவில்லை. அது உங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வழக்கம் என்றும், அதில் இரண்டும் பாதிப்பாதி என்றும் பிறகுதான் தெரிந்தது. கடைசிவரை நீ அதை மாற்றவில்லை. உனக்கு நான் 'வே', எனக்கு நீ 'நீ'. மாட்டுங்கா வீட்டுப் பிள்ளைக்கு இவ்வளவு சுலபமாகத் தாராவியில் ஒரு சிநேகிதன் கிடைத்ததில் என் அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் என் சைக்கிள் அதற்குப் பிறகு ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. அது அவருக்கும் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் நாலு பேர். செம்பூரிலிருந்து வைத்தி, பாங்கில் டைப்பிஸ்ட், வழி நெடுக விசில் அடிப்பான். தாராவியில் உன் லைனிலேயே குடியிருந்த அந்தோணி, தையல்காரன், ஆளே இல்லாத ரோட்டிலும் மணியடிப்பான். பவாய் ஏரி, விஹார் ஏரி, தாணா என்று போய்வருவோம். நீ எப்போதும் கடைசியில்தான் வருவாய். உன் வண்டிதான் நால்வரில் நல்ல வண்டி, காலும் உனக்குத்தான் பலமானது. இருந்தும் ஏன் பின்னால் வருகிறாய் என்று ஒரு தடவை கேட்டேன்.

"முன்னால போயிட்டா எவன் செயின் கழண்டுதுன்னு தெரியாதுல்லா வே" என்றாய்.

திரும்பும்போது செம்பூர் நாக்காவில் சில சமயம் அந்த பஸ் நிற்கும். ட்ராம்பே பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையின் ஸ்டாஃப் பஸ். ஞாயிறு ஷிப்டுக்குப் போகிறவர்கள் துவைத்த சட்டையோடு ஏறி, ஆளுக்கொரு ஜன்னல் பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். நீ ஒரு காலை ஊன்றி நின்று அது கிளம்பிப் போகும்வரை பார்ப்பாய். அங்கே ஃபிட்டர் என்றால் பர்மனென்ட். குவார்ட்டர்ஸ் உண்டு, வைத்தியம் உண்டு. உன் பட்டறை முதலாளிக்கு மனம் சரியில்லாத நாளில் உனக்கு வேலை உண்டா இல்லையா என்பதே சந்தேகம். "ஒரு நாளு நானும் அந்த ஜன்னல்கிட்ட உக்காந்து போவேன், பாத்துக்கிட்டே இரும்" என்று நீ சொன்னபோது நான் சிரிக்கவில்லை. அந்த ஒன்றையாவது சரியாகச் செய்தேன்.

ராமேசுவரக் கரையைக் கடல் வந்து அடித்துப் போன அந்த மார்கழிக்குப் பிறகுதான் பூனா யோசனை வந்தது. நாம் உறுப்பினராக இருந்த சங்கத்தில் நிவாரணம் சேர்க்க வேண்டும் என்று பேச்சு. சும்மா போய்க் கேட்டால் சும்மாதான் கொடுப்பார்கள், எதையாவது செய்து காட்டிக் கேட்போம் என்று அந்தோணிதான் ஆரம்பித்தான். மாட்டுங்காவிலிருந்து பூனாவுக்கு நாலு பேர் சைக்கிளில் போவது என்று முடிவாயிற்று. ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு. நம்மைத் தெரிந்தவர்கள் மைலுக்கு இவ்வளவு என்று அதில் எழுதித் தருவார்கள். என் கார்டில் அப்பாவைத் தெரிந்த ஜவுளிக்கடைக்காரர் மைலுக்கு ஒரு வேட்டி என்று எழுதினார். அதைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர் மைலுக்கு ஒரு புடவை என்றார். உன் கார்டில் உன் லைன் முழுக்க வீட்டுக்கு ஒரு படி அரிசி எழுதியிருந்தது. வழியில் தாணா, பன்வேல், கோபோலி, லோனாவ்லாவில் கார்டில் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டாம் நாள் நாலு மணிக்குள் பூனா போய்ச் சேராத கார்டு செல்லாது. இது கடைக்காரர்கள் போட்ட விதி, பந்தயம் என்றால் விறுவிறுப்பு வேண்டாமா என்று.

சங்கத்துச் செக்ரட்டரி சாருக்கு இதில் ஏகப்பட்ட உற்சாகம். அவர் வேலை பார்த்தது அதே ட்ராம்பே தொழிற்சாலையில், ஆட்களை எடுக்கும் பிரிவில் பெரிய கை. நீ அவரிடம் மனு கொடுத்திருந்தாய். "பூனா போயிட்டு வா, பார்க்கலாம்" என்று அவர் உன் தோளைத் தட்டியதை நான் பார்த்தேன். அன்று சாயங்காலம் முழுக்க உன் முகம் வேறு மாதிரி இருந்தது.

நாம் கிளம்புவது சனிக்கிழமை என்று தெரிந்ததும் என் அம்மா பஞ்சாங்கத்தை எடுத்தாள். "சனிக்கிழமை கிழக்கே சூலம்டா. பூனா கிழக்கேதானே இருக்கு? வேற நாள் பாருங்கோ" என்றாள். சங்கத்தில் நோட்டீஸே அடித்தாயிற்று என்றேன். "அப்போ வியாழக்கிழமையே பரஸ்தானம் வெச்சுடு" என்றாள். உனக்கு அது புதிது. கிளம்புகிற நாள் சரியில்லையென்றால், அதற்கு முன்னால் நல்ல வேளையில், கூடக் கொண்டுபோகிற சாமான் ஒன்றை இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அப்போதே பிரயாணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு புறப்படும்போது அதை அங்கிருந்து எடுத்துக்கொண்டு போகலாம், எந்தக் கிழமையும் ஒன்றும் செய்யாது. வியாழக்கிழமை நீ எங்கள் பில்டிங் கீழே எல்லா வண்டிக்கும் பிரேக் இழுத்துக்கொண்டிருந்தாய். அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "மறக்க முடியாத சாமானா ஒண்ணு குடுங்கோ" என்றாள். நீ உன் டூல் பையை எடுத்து என் கையில் கொடுத்தாய். பம்ப், ஸ்பானர், டயர் கழற்றும் லீவர், சொல்யூஷன், வெட்டி வைத்த ரப்பர் துண்டுகள், எல்லாம் அந்தக் காக்கிப் பையில்தான்.

"இதைப் பிடியும். இத விட்டுட்டு நாம எங்க போயிர முடியும்?" என்றாய்.

நான் அதை எதிர் பிளாட் மாமி வீட்டில் சுவாமி அலமாரிக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை விடியற்காலையில் எழுந்தேன். அம்மா சூலத்துக்குப் பரிகாரமாக ஒரு கரண்டி தயிரும் கொடுத்தாள். போர்வையையும் மாற்றுத் துணியையும் சுருட்டிக் காரியரில் கட்டினேன். எதிர் பிளாட் கதவு சாத்தியிருந்தது. மாமியை எழுப்ப வேண்டுமே என்று தயங்கினேன். முதலில் வண்டியை இறக்கி வைத்துவிட்டு வருவோம் என்று கீழே இறங்கினேன். கீழே அந்தோணி மணியடித்துத் தெருவையே எழுப்பிக்கொண்டிருந்தான். செக்ரட்டரி சார் கற்பூரம் கொளுத்தத் தேங்காயோடு நின்றார். யாரோ என் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பை என் நினைவில் இல்லை. ஒரு மாடிப்படி, ஒரு கதவு. இத்தனை வருடமாக அந்தப் படியில் நான் திரும்பத் திரும்ப ஏறிக்கொண்டிருக்கிறேன்.

முதல் நாள் எவ்வளவு நன்றாக இருந்தது என்று உனக்கு நினைவிருக்கும். ஹாண்டில்பாரில் அட்டை கட்டியிருந்தோம், ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் ஹிந்தி. முலுண்டு தாண்டியதும் உப்பளங்களின் மேல் வெயில் வந்தது. மும்ப்ராவில் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் உப்பங்கழி. வைத்தி விசிலடித்ததற்கு எதிரே வந்த எருமை மாட்டுக்காரர் பதில் விசில் அடித்தார். பன்வேலில் அட்டையைப் படித்துவிட்டு ஒரு வாழைப்பழக்காரி நாலு பேருக்கும் பழம் தந்து, அந்தக் கடல் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். நீ தெற்கே கையைக் காட்டினாய். ஒரு வண்டிக்கும் ஒரு கோளாறும் வரவில்லை, பையைத் தேட வேண்டிய அவசியமும் வரவில்லை. அது என் காரியரில் போர்வைச் சுருட்டுக்குள் இருக்கிறது என்று நீ நினைத்துக்கொண்டாய். நான் எதையும் நினைக்கவில்லை. கோபோலியில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் படுத்ததும் தூங்கிப்போனோம்.

மறுநாள் காலை காட் மலைப்பாதையில் ஏறினோம். லாரிக்காரர்கள் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகும் அந்தச் சின்னக் கோவிலைத் தாண்டி இரண்டாவது வளைவு. வைத்தியும் அந்தோணியும் முன்னால் போய்க் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். என் பின் சக்கரம் உஸ்ஸென்று உட்கார்ந்தது. லாரி டயரிலிருந்து விழுந்த ஆணி, விரல் நீளம். நீ பின்னால் வந்து இறங்கி, வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "பைய எடும்" என்றாய்.

நான் போர்வையைப் பிரித்தேன். உதறினேன். மறுபடி உதறினேன்.

"மாமி வீட்டிலேயே இருக்கு" என்றேன்.

நீ கோபித்துக்கொள்வாய் என்று காத்திருந்தேன். நீ சிரித்தாய். "அப்பம் அது நமக்கு முன்னாலயே கெளம்பிட்டு, நாம போய்ச் சேந்த பொறவுதான் வரும்போல" என்றாய். பிறகு சிரிப்பு நின்றது. சூரியனைப் பார்த்தாய், மேலே ரோட்டைப் பார்த்தாய், கீழே கோபோலியைப் பார்த்தாய். கீழே இறங்கி ஒட்டிக்கொண்டு வந்தால் நாலு மணிக்குப் பூனா போக முடியாது.

"எம் வண்டிய எடும்" என்றாய்.

"நீ?"

"நான் இத உருட்டிக்கிட்டுக் கீழ போயி ஒட்டிக்கிட்டு வாரேன்."

"உன் கார்டு போயிடுமே. செக்ரட்டரி சார் அங்கே நிற்பாரே."

"உம்ம கார்டுல இருக்கது துணி வே. அங்க சனம் கட்டுன துணியோட நிக்குது. எங்க லைன்ல அரிசிய எழுதிட்டாவ, நான் போனாலும் போவாட்டாலும் தருவாவ. உங்க மாட்டுங்காக்காரன் தருவானா? கெளம்பும்."

நான் கிளம்பினேன். உன் வண்டி எனக்கு உயரம் கொஞ்சம் அதிகம். வளைவில் திரும்பிப் பார்த்தபோது நீ என் வண்டியின் பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடி சரிவில் இறங்கிக்கொண்டிருந்தாய்.

லோனாவ்லாவில் மற்ற இருவரும் காத்திருந்தார்கள். நீ எங்கே என்று கேட்டார்கள். பஞ்சர், டூல் பை இல்லை, கீழே போயிருக்கிறான் என்றேன். அது பொய்யில்லை. டூல் பை என்றால் உன்னுடையது, அதனால் நீதான் விட்டுவிட்டு வந்திருக்கிறாய் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். "இவனா மறந்தான்?" என்று அந்தோணி ஆச்சரியப்பட்டான். அங்கேயே நான் சொல்லியிருக்கலாம். போகும் அவசரம், பூனாவில் எல்லோர் முன்னாலும் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு பெடலை மிதித்தேன்.

மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஷாமியானா, நாற்காலி, ரோஜா மாலை. செக்ரட்டரி சார் ரயிலில் முன்கூட்டியே வந்திருந்தார். நாலாவது ஆள் எங்கே என்றார். வைத்தி சொன்னான். அவர் முகம் சுருங்கியது.

"என்கிட்ட ஃபிட்டர் வேலைக்கு மனு குடுத்திருக்கான். பூனா வரைக்கும் போற வண்டிக்கு ஒரு டூல் பையை எடுத்துண்டு வரத் தெரியலை. இவனை நம்பி நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் போட்டோக்காரர் எல்லோரையும் இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். மாலையை எடுத்து நேராக்கிக்கொண்டேன். எதற்குப் பயந்தேன் என்று இத்தனை வயதிலும் எனக்கு விளங்கவில்லை. அவர் எனக்கு மேலதிகாரி இல்லை. என் வேலை கோட்டைப் பகுதியில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் பத்திரமாக இருந்தது. அந்த மாலை கழுத்தில் இருக்கும்போது முட்டாளாகத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன், அதற்கு மேல் பெரிய காரணம் எதுவும் இல்லை.

விளக்கு ஏற்றும் வேளைக்கு நீ வந்தாய். ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கையெல்லாம் கருப்பு, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கார்டை நீட்டினாய், நாலு கையெழுத்தும் இருந்தது. செக்ரட்டரி சார் அதை வாங்கவில்லை. "என்னப்பா, ஆயுதத்தை வீட்டில வெச்சுட்டா யுத்தத்துக்கு வந்தே?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீ என்னை ஒரு தரம் பார்த்தாய். ஒரே ஒரு தரம். நான் சொல்வதற்காக எனக்கு நீ கொடுத்த நேரம் அது. பிறகு அவரிடம் திரும்பி, "எந் தப்புதான் சார். மறந்துட்டேன்" என்றாய்.

மறுநாள் ரயிலில் சைக்கிள்களைச் சாமான் ஏற்றும் பெட்டியில் போட்டுவிட்டு வந்தோம். மற்ற இருவரும் தூங்கிய பிறகு, நான் செக்ரட்டரி சாரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "சொல்லணும்னா அங்கனயே சொல்லியிருப்பீரு வே" என்றாய். குரலில் சூடு இல்லை. உன் மடியில் இருந்த வேர்க்கடலையில் பாதியை என் கையில் போட்டாய். நான் அதைத் தின்றேன்.

வீட்டுக்குப் போனதும் எதிர் பிளாட் மாமி பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். "பரஸ்தானத்தை எடுக்காமயே போயிட்டியேடா" என்றாள். அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு, இதை யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதே, அபசகுனம் என்று பேசுவார்கள் என்றாள். எனக்கு அது போதுமாயிருந்தது. வேட்டியும் புடவையும் மூட்டை மூட்டையாகத் தெற்கே போயின. உன் லைன் அரிசியும் போயிற்று. தாராவியில் நாலு மணிக் கணக்கை யாரும் கேட்கவேயில்லை. ஃபிட்டர் வேலை வேறொருவனுக்குப் போயிற்று. நீ அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை செம்பூர் நாக்காவில் அந்த பஸ் நின்றால் மட்டும், அதன் பிறகு நீ நிற்காமல் போய்விடுவாய்.

பிறகு உனக்குக் கல்யாணம் ஆயிற்று, எனக்கும் ஆயிற்று. நீ இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் அந்தப் பட்டறையிலேயே கிடந்து, கடைசியில் சுனாபட்டியில் சொந்தமாக ஒரு லேத் போட்டாய். அந்தோணி போனான், வைத்தி போனான். செக்ரட்டரி சாரும் எப்போதோ போய்ச் சேர்ந்தார். தீபாவளிக்கு மறுநாள் உன் வீட்டில் எனக்குச் சாப்பாடு என்பது மட்டும் மாறவில்லை.

அப்படி ஒரு தீபாவளியில்தான் அது. சாப்பிடும் நடுவில் எதையோ வாங்க நீ கடைக்குக் கிளம்பினாய். உன் பெண் அடுக்களையிலிருந்து, "பப்பா, தைலி லியா க்யா?" என்றாள். பையை எடுத்துக்கொண்டாயா என்று. வீடே சிரித்தது. உன் மனைவி எனக்கு விளக்கினாள். "பூனாவுக்குப் பைய மறந்துட்டுப் போயிட்டு வந்த சூரப்புலில்லா இவுக! வாசப்படி எறங்குனாலே புள்ளைங்க இப்பிடித்தான் கேலி பண்ணுதுவ அண்ணாச்சி. நீங்கதான் கூடப் போனீயளே, ஒங்களுக்குத் தெரியாததா?" நானும் சிரித்தேன். உன் வீட்டில், உன் சோற்றைத் தின்றுகொண்டு, உன் பிள்ளைகளோடு சேர்ந்து உன்னைப் பார்த்துச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனாய்.

இதையெல்லாம் எழுதி உன் பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அவன் உன் பட்டறையை நடத்துகிறான். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

இதுவரை எழுதிவிட்டு மூன்று நாள் தொடவில்லை. முடித்துக் கவரில் போடலாம் என்று இன்று எடுத்தபோதுதான் உறைத்தது. உன் பிள்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவன் படித்தது ஹிந்தி ஸ்கூலில். ஊருக்குப் போனால் பஸ் போர்டில் இருக்கும் தமிழை எழுத்துக் கூட்டக்கூடத் திணறுவான். அது எனக்குத் தெரியாமலா இருந்தது? அவன் படிக்க முடியாத எழுத்தில் இத்தனை பக்கம் எழுதி, சொல்லிவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்கப் பார்த்திருக்கிறேன். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. உன் பிள்ளைக்கு ஐம்பது தாண்டிவிட்டது, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நிற்கும்போது அப்படியே நீ. "அரே அங்கிள், வாங்க, பைட்டியே" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. பூனாவுக்குப் போனபோது பையை மறந்தது உங்கள் அப்பா இல்லை, நான் என்று சொன்னேன். லேத் சத்தத்தில் அவன் காதில் விழவில்லை. "க்யா அங்கிள்?" என்று காதைக் கிட்டே கொண்டுவந்தான். லேத்தை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினான். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். பரஸ்தானம், மாமி வீடு, காட், மாலை, செக்ரட்டரி சார், போன வேலை, எல்லாவற்றையும்.

அவன் கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அப்பாக்கு மாலும் தா?" என்றான்.

"தெரியும். பையை என் கையில் கொடுத்ததே அவன்தான்."

"அப்போ வீட்ல ஏன் அப்படி சொன்னாரு? நாங்க பூரா ஜிந்தகி அவரைச் சிரிச்சோம், அங்கிள்."

தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. செக்ரட்டரி சாரிடம் சொன்னது ஒரு கணத்தின் பெருந்தன்மை என்று வைத்துக்கொள்ளலாம். கட்டிய மனைவியிடமும் பெற்ற பிள்ளைகளிடமும் ஏன் சொன்னாய்? வருடத்துக்கு ஒரு நாள் நான் அந்த வீட்டில் வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதற்காகவா?

நான் திட்டு வாங்கத்தான் போயிருந்தேன். அவன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால், வெளியே போ என்றிருந்தால், அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அவன் சொல்லவில்லை. வாசலுக்குப் போய் இரண்டு சாய் என்று குரல் கொடுத்தான். குடித்து முடித்ததும் என் முழங்கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிவிட்டு, "தீவாளிக்கு வாங்க அங்கிள், அம்மா பூச்சேங்கி" என்றான். வராவிட்டால் அம்மா கேட்பாள் என்று.

உன்னிடம் பட்ட கடனை ஒரு நாளும் தீர்க்க முடியாதபடி உன் பிள்ளையையும் வளர்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். என்னைத் திட்டுவதற்கு உரிமையுள்ளவன் நீ ஒருவன்தான் இருந்தாய். ஐம்பத்தெட்டு வருடத்தில் ஒரு தரம் திட்டியிருக்கலாம் வே.